டிராம் வண்டியும் மேல்கம்பியும்

நகரத் தெருக்களில் பதிக்கப்பட்ட தண்டவாளத்தின் மீது மின்சாரத்தால் ஓடும் வண்டி டிராம் எனப்படுகிறது. ஓடுவதற்கு வேண்டிய மின்சாரத்தை டிராம் தன்னுடன் சுமந்து செல்வதில்லை. எங்கோ ஒரு மின்நிலையத்தில் உண்டாக்கப்படும் மின்னோட்டம் தெருவின் மேலே கட்டப்பட்ட செப்புக் கம்பி வழியாக வருகிறது. வண்டியின் கூரையில் உள்ள ஒரு கருவி அக்கம்பியைத் தொட்டு மின்னோட்டத்தை வாங்குகிறது. அது மோட்டாரைச் சுழற்றிவிட்டு, சக்கரங்கள் வழியாகத் தண்டவாளத்தில் இறங்கி மின்நிலையத்திற்குத் திரும்புகிறது.

இந்தச் சுற்றில் எல்லாம் எளிது, ஓர் இடத்தைத் தவிர. கம்பி அசையாமல் நிற்கிறது, வண்டியோ ஓடுகிறது. வண்டி குலுங்கும், வளையும், மேட்டில் ஏறும், பள்ளத்தில் இறங்கும். கம்பி வெயிலில் தொய்யும், குளிரில் இறுகும், காற்றில் ஆடும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் அசையும் இவ்விரண்டும் ஒரு நொடி கூடப் பிரியாமல் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மோட்டாரும் டைனமோவும் ஓரளவு கைவந்த பிறகும், மின்சார டிராம் சில ஆண்டுகள் தெருவுக்கு வராமல் காத்திருந்ததற்கு இந்த ஒரு தொடுபுள்ளி பெரிய காரணம்.

குதிரை டிராமின் காலம்

மின்சாரத்திற்கு முன் டிராம்களைக் குதிரைகள் இழுத்தன. 1872-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வட அமெரிக்காவெங்கும் குதிரைகளுக்கு ஒரு தொற்றுக் காய்ச்சல் பரவியது. பல நகரங்களில் டிராம்கள் நின்றன, சரக்கு வண்டிகள் நின்றன. சில இடங்களில் மனிதர்களே வண்டியை இழுக்க நேர்ந்தது. குதிரைக்குத் தீனி, இலாயம், இலாடம், சாணம் அள்ளும் செலவு ஆகியவை டிராம் நிறுவனங்களை ஏற்கெனவே அழுத்திக்கொண்டிருந்தன. குதிரைகளும் சில ஆண்டுகளுக்கு மேல் அந்த வேலையைத் தாங்குவதில்லை. எனவே மாற்று வழிக்கான தேடல் ஆராய்ச்சிக்கூடத்து ஆர்வம் மட்டுமன்று, தொழிலின் உயிர்ப் பிரச்சினையாகவும் இருந்தது.

தண்டவாளத்தில் மின்சாரம்

ஜெர்மானியப் பொறியாளர் வெர்னர் சீமென்சின் நிறுவனம் 1881 மே மாதத்தில் பெர்லினுக்கு அருகே கிராஸ் லிச்டர்ஃபெல்டே என்னும் ஊரில் மின்சார டிராம் ஒன்றை ஓடவிட்டது. அதில் மேல்கம்பி கிடையாது. ஒரு தண்டவாளம் மின்னோட்டத்தைக் கொண்டுவர, மற்றது திரும்ப எடுத்துச் சென்றது. மின்னழுத்தம் 180 வோல்ட். ஓடும் சக்கரமே தொடும் கருவியாகவும் இருந்ததால் தொடர்பு விட்டுப்போகும் அச்சம் இல்லை. ஆனால் தெருவைக் கடக்கும் குதிரையின் ஒரு கால் ஒரு தண்டவாளத்திலும் மறு கால் அடுத்ததிலும் பட்டால் மின்னதிர்ச்சி. மக்கள் நடமாடும் தெருவுக்கு இந்த முறை பொருந்தாது என்பது விரைவில் தெளிவாயிற்று. மின்சாரம் மனிதரின் கைக்கும் விலங்கின் காலுக்கும் எட்டாத உயரத்திற்குப் போக வேண்டும், அல்லது மண்ணுக்கடியில் போக வேண்டும். அடுத்த எழுபது ஆண்டு வரலாறு இந்த இரண்டு வழிகளின் வரலாறே.

மேலே கொண்டுபோகும் முதல் முயற்சிகள் விந்தையானவை. 1882-இல் பெர்லின் அருகே ஹாலன்சே என்னுமிடத்தில் சீமென்ஸ் தண்டவாளமில்லாத மின்சார வண்டி ஒன்றைச் சோதித்தார். இரு கம்பிகளின் மேல் எட்டுச் சக்கரங்கள் கொண்ட ஒரு குட்டி வண்டி ஓட, அதிலிருந்து தொங்கிய நெகிழ்கம்பி கீழேயுள்ள வண்டிக்கு மின்சாரம் தந்தது. வியன்னாவுக்கு அருகே மோட்லிங்கில் 1883-இல் தொடங்கிய பாதையிலும், 1884-இல் பிராங்பர்ட் நகரையும் ஆஃபன்பாக் நகரையும் இணைத்த பாதையிலும் கம்பிக்குப் பதிலாக அடிப்பக்கம் பிளந்த இரும்புக் குழாய்கள் தெருவின் மேலே தொங்கவிடப்பட்டன. குழாய்க்குள் தறியின் நாடாவைப் போன்ற ஓர் உலோகத் துண்டு வழுக்கிச் செல்லும். வண்டி அதை ஒரு வடத்தால் இழுத்துக்கொண்டு போகும். கிளைப்பாதைகள் வரும் இடத்தில் குழாய்களை இணைப்பது பெருந்தொல்லை. எடையும் அதிகம்.

அமெரிக்காவிலும் முதலில் இதே போக்குதான். கம்பியின் மேல் ஓடும் சின்னஞ்சிறு வண்டியைக் கீழே டிராம் வடத்தால் இழுத்துச் செல்லும். 'டிராலி' என்ற சொல்லே இந்த இழுபடும் குட்டி வண்டியைக் குறித்துத்தான் வழக்கிற்கு வந்தது என்று கூறப்படுகிறது. பிற்காலத்தில் அமெரிக்கர்கள் டிராமையே டிராலி என்று அழைக்கத் தொடங்கினர். குட்டி வண்டியால் வந்த துன்பம் என்னவென்றால், அது அடிக்கடி கம்பியிலிருந்து தவறித் தலைக்கு மேலிருந்து விழும். விழுந்ததை மீண்டும் கம்பியின் மேல் ஏற்றி வைக்க ஏணி வேண்டும்.

கம்பிக்கு அடியில்

தீர்வு, கேட்டால் மிக எளிதாகத் தோன்றும். கம்பியின் மேலே உட்காருவதற்குப் பதில், அடியிலிருந்து மேல்நோக்கி அழுத்துவது. வண்டியின் கூரையில் சுழலும் ஒரு பீடம், அதில் சாய்வாக நிற்கும் நீண்ட கோல், கோலின் நுனியில் பள்ளம் வெட்டிய சிறு உருளைச் சக்கரம். பீடத்தில் உள்ள வலுவான சுருள்வில் கோலை எப்போதும் மேலே தள்ளிக்கொண்டிருக்கும். கம்பி தாழ்ந்தால் கோல் தாழும், உயர்ந்தால் உயரும். இதுவே டிராலிக் கோல்.

இதை வடிவமைத்ததில் பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய சார்லஸ் வான் டெப்போலின் பங்கு பெரியது. மரச்சாமான் செய்யும் தொழிலில் இருந்து மின்சாரத்திற்கு வந்தவர் அவர். 1885-இல் கனடாவின் டொராண்டோ நகரில் நடந்த தொழிற்பொருட்காட்சியில், அடியிலிருந்து கம்பியை அழுத்தும் கோல் கொண்ட மின்வண்டியை ஓட்டிக் காட்டினார். 1886-இல் அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி நகர டிராம்கள் அவருடைய முறையில் மின்சாரத்திற்கு மாறின. ஆயினும் பொதுமக்கள் நினைவில் டிராலிக் கோலோடு சேர்ந்து நிற்கும் பெயர் பிராங்க் ஸ்பிரேக். காப்புரிமை வழக்கில் வான் டெப்போலுக்கே முன்னுரிமை கிடைத்தது. ஆனால் ஒரு முழு நகரத்தின் டிராம்களை நம்பத்தக்க வகையில் ஓடவைத்துக் காட்டியவர் ஸ்பிரேக். இருவரில் ஒருவரை மட்டும் கண்டுபிடிப்பாளர் என்று குறிப்பது சரியாகாது.

ரிச்மண்ட், 1888

ஸ்பிரேக் 1857-இல் பிறந்தவர். அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கழகத்தில் பயின்று, சிறிது காலம் எடிசனிடம் பணியாற்றி, 1884-இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். 1887-இல் வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரத்திற்கான ஒப்பந்தத்தை ஏற்றார். 12 மைல் பாதை, ஒரு மின்நிலையம், 40 வண்டிகள், வண்டிக்கு இரண்டாக 80 மோட்டார்கள், முழுமைக்கும் 1,10,000 டாலர், தொண்ணூறு நாள் கெடு. வேலை வெற்றியாக ஓடினால்தான் பணம். அதுவரை உலகில் எவரும் இவ்வளவு பெரிய மின்சார டிராம் அமைப்பைக் கட்டியதில்லை. ஒப்பந்தம் கையெழுத்தான சில நாட்களில் ஸ்பிரேக் டைபாய்டு காய்ச்சலில் படுத்தார். தேறி வந்து பார்த்தபோது, தண்டவாளம் மோசமாகப் போடப்பட்டிருந்தது. வளைவுகள் கூர்மையாகவும் மண் இளகியதாகவும் இருந்தன. ஓரிடத்தில் சரிவு நூற்றுக்குப் பத்து.

அந்த ஏற்றத்தில் வண்டி ஏறுமா என்று பார்க்க இரவில் ஒரு சோதனை ஓட்டம் நடந்தது. வண்டி ஏறிவிட்டது, ஆனால் மோட்டார் பழுதாகி உச்சியில் நின்றுவிட்டது. சுற்றிலும் மக்கள் கூட்டம். சிறு கோளாறுதான், கருவிகளை எடுத்து வாருங்கள் என்று ஸ்பிரேக் எல்லோருக்கும் கேட்கும்படி உதவியாளரை அனுப்பிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு வண்டிக்குள் படுத்துக்கொண்டார். கூட்டம் கலைந்த பின் 'கருவிகள்' வந்து சேர்ந்தன. அவை நான்கு கோவேறு கழுதைகள்! வண்டியை அவையே இழுத்துச் சென்றன. பிற்காலத்தில் ஸ்பிரேக்கே இந்நிகழ்ச்சியைச் சொல்லி மகிழ்ந்திருக்கிறார்.

மோட்டாரைப் போலவே கோலும் அவரைப் பாடாய்ப் படுத்தியது. கோலின் நீளம், சாய்வு, வில்லின் விசை, சக்கரத்தின் பள்ளம், பீடம் திரும்பும் விதம் ஆகியவற்றை மாற்றி மாற்றிப் பற்பல வடிவங்களை அவருடைய குழு செய்து பார்த்தது. வில்லின் விசை குறைந்தால் சக்கரம் கம்பியை விட்டுத் துள்ளும், ஒவ்வொரு துள்ளலிலும் தீப்பொறி பறந்து செம்பு உருகும். விசை கூடினால் கம்பி மேலே தூக்கப்படும், தாங்கிகள் தளரும், சக்கரம் விரைவில் தேயும். டிராலிக் கோல்கள் பொதுவாகக் கம்பியை ஏறத்தாழ பத்து கிலோகிராம் எடைக்குச் சமமான விசையுடன் மேலே தள்ளும்படி அமைக்கப்பட்டன. கோல் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதும் காரணத்தோடுதான். இழுபடும் கோல் இடர் வந்தால் மடங்கி வழிவிடும். முன்னோக்கி நிற்கும் கோலோ எதிலாவது சிக்கினால் குத்தி நின்று, தன்னையும் முறித்துக் கம்பியையும் அறுத்துவிடும்.

1888 பிப்ரவரியில் ரிச்மண்ட் டிராம்கள் பொதுமக்களுக்காக ஓடத் தொடங்கின. ஸ்பிரேக்குக்கு இவ்வொப்பந்தத்தில் பெரும் நட்டம். ஆனால் அவ்வாண்டுக் கோடையில் பாஸ்டன் நகர டிராம் நிறுவனத் தலைவர் ஹென்றி விட்னி பார்வையிட வந்தார். வடத்தால் இழுக்கப்படும் டிராம் அமைப்பை நிறுவும் எண்ணத்தில் இருந்தவர் அவர். பல வண்டிகள் ஒரே இடத்தில் நெருங்கி நின்று ஒன்றாகப் புறப்பட்டால் கம்பி தாங்குமா என்பது அவர் தரப்பின் ஐயம். ஸ்பிரேக் ஓர் இரவில் 22 வண்டிகளைப் பாதையின் ஓரிடத்தில் அடுத்தடுத்து நிறுத்தி, ஒன்றன்பின் ஒன்றாகக் கிளப்பினார். மின்னழுத்தம் பாதிக்கும் கீழே இறங்கியது, விளக்குகள் மங்கின. இருந்தும் எல்லா வண்டிகளும் நகர்ந்தன. பாஸ்டன் மின்சாரத்தைத் தேர்ந்தெடுத்தது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவின் நூற்றுக்கணக்கான ஊர்களின் தெருக்களுக்கு மேலே கம்பி ஏறியது.

(நியூயார்க்கை அடுத்த புரூக்லினில் புதிய மின்சார டிராம்களுக்கு வழிவிட்டு ஓடி ஒதுங்குவது அன்றாட வேலையாகிவிட, அவ்வூர் பேஸ்பால் அணிக்கு 'டிராலி டாட்ஜர்ஸ்' என்ற பட்டப்பெயர் வந்தது. டிராலிக்குத் தப்பி ஓடுவோர் என்று பொருள். இன்றைய லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியின் பெயர் அதிலிருந்து எஞ்சியதுதான்.)

கயிற்றைப் பிடித்தவர்கள்

டிராலிக் கோல் வெற்றி பெற்றது என்று சொல்லும்போது, அது கம்பியை விட்டு விலகவே இல்லை என்று கொள்ளக்கூடாது. விலகிக்கொண்டேதான் இருந்தது. வளைவில், கிளை பிரியும் இடத்தில், தண்டவாளம் குலுங்கும் இடத்தில் சக்கரம் கம்பியிலிருந்து நழுவும். நழுவிய நொடியில் வண்டியில் விளக்கு அணையும், மோட்டார் நிற்கும். அதைவிடப் பெரிய ஆபத்து மேலே. கம்பியின் தடை நீங்கியதும் வில் கோலைச் சட்டென்று மேலே வீசும். வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால், நிமிர்ந்த கோல் குறுக்குத் தாங்குகம்பிகளில் மோதும். தாங்குகம்பி அறுந்தால் மின்னோட்டம் பாயும் செப்புக் கம்பி தெருவில் விழும்.

எனவே ஒவ்வொரு கோலின் நுனியிலிருந்தும் ஒரு கயிறு வண்டியின் பின்புறம் தொங்கியது. அது நடத்துநரின் பொறுப்பு. கோல் விலகினால் அவர் கயிற்றைப் பிடித்திழுத்துக் கோலைத் தாழ்த்தி, கீழே இறங்கி, அண்ணாந்து பார்த்து, சக்கரத்தின் பள்ளத்தைக் கம்பிக்கு நேராகக் கொண்டுவந்து மெல்ல விட வேண்டும். பகலில் இது பழக்கத்தால் வரும். மழையிலும் பனியிலும் இருளிலும், பின்னால் வேறு வண்டிகள் வரும் தெருவில் நின்று செய்வது வேறு. பாதையின் முடிவில் வண்டி திரும்பும்போது, கயிற்றைப் பிடித்தபடி வண்டியைச் சுற்றி அரைவட்டம் நடந்து கோலை மறுபக்கம் மாற்றுவதும் நடத்துநர் வேலையே. இந்த வேலையைத் தவிர்க்கப் பல நிறுவனங்கள் வண்டியின் இரு முனைக்கும் தனித்தனிக் கோல் வைத்தன.

கயிற்றை எப்போதும் ஒருவர் கையில் பிடித்திருக்க முடியாது. அதற்காக வந்த சிறு இயந்திரம், டிராமின் பின்புறம் வட்டமான டப்பா போலத் தெரிவது. உள்ளே கயிறு சுற்றிய உருளையும் சுருள்வில்லும் இருக்கும். கோல் மெல்ல உயர்ந்து தாழும்போது கயிறு தாராளமாக நீண்டு சுருங்கும். திடீரென்று வேகமாக இழுபட்டால் உருளை பூட்டிக்கொள்ளும். சில வகைகளில் கோலை உடனே கீழே இழுத்துவிடவும் செய்யும். இன்று மோட்டார் காரில் இருக்கை வாரைச் சட்டென்று இழுத்தால் பூட்டிக்கொள்கிறதே, அதே தத்துவம். பலருடைய கைகளையும் சில உயிர்களையும் காத்த இந்த எளிய டப்பாவைப் பற்றி வரலாற்று நூல்களில் அதிகம் எழுதப்படுவதில்லை.

சக்கரத்திலிருந்து சறுக்குக்கு

கோலின் நுனியில் இருந்த பித்தளை அல்லது வெண்கலச் சக்கரத்தின் பாடு கடினமானது. அதன் குறுக்களவு 10 சென்டிமீட்டர் என்றும் வண்டியின் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் என்றும் கொள்வோம். சக்கரத்தின் சுற்றளவு 31.4 சென்டிமீட்டர். வண்டி நொடிக்கு 8.3 மீட்டர் செல்லும். அப்படியானால் சக்கரம் நொடிக்கு 26 முறைக்கு மேல், அதாவது நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,600 முறை சுழல வேண்டும். அவ்வளவு வேகமாகச் சுழன்றுகொண்டே பல நூறு ஆம்பியர் மின்னோட்டத்தையும் அது கடத்த வேண்டும். வட்டமான சக்கரம் வட்டமான கம்பியைத் தொடும் பரப்பு மிகச் சிறியது. ஆகவே தீப்பொறியும் கிறீச்சொலியும் ஓயாத தேய்மானமும்.

சக்கரத்தை எடுத்துவிட்டு, பள்ளமுள்ள கரித்துண்டு பதித்த சறுக்கு ஒன்றை வைப்பது அடுத்த படி. சுழலாது, கம்பியோடு உரசி வழுக்கும். தொடும் பரப்பு நீளமானது, பொறி குறைவு. கரி மெல்லத் தேய்ந்து கம்பியைக் காக்கும். தேய்ந்த கரியை மாற்றுவதற்குச் செலவும் குறைவு. 1920-களில் அமெரிக்க நகரங்கள் பல இதற்கு மாறத் தொடங்கின. ஆனால் பிலடெல்பியா 1978 வரை சக்கரத்தையே வைத்திருந்தது. பழைய முறை ஓடிக்கொண்டிருக்கும் வரை அதை மாற்றப் பணம் ஒதுக்க எந்த நிர்வாகமும் அவசரப்படுவதில்லை.

கம்பியும் மாறியது. வட்டக் கம்பியை மேலிருந்து பிடிக்கும் கவ்விகள் சக்கரம் செல்லும் வழியில் துருத்திக்கொண்டு நின்றன. எட்டு என்ற எண்ணின் வடிவில் இரு பக்கமும் வரிப்பள்ளம் கொண்ட கம்பி வந்தபின், கவ்வி மேல்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டது. அடிப்பாதி தடையின்றி வழவழப்பாகக் கிடைத்தது. கிளைப்பாதைகளில் கம்பி இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு வெண்கல வார்ப்பு பொருத்தப்படும். அதன் வடிவத்தை ஒட்டியோ என்னவோ தொழிலாளர்கள் அதைத் தவளை என்றே அழைத்தனர். கோல்கள் அதிகம் நழுவிய இடம் இந்தத் தவளைதான்.

கம்பி நீள்வது மற்றொரு தொல்லை. செம்பு ஒரு டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடினால் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் 17 பங்கு நீள்கிறது. ஒரு கிலோமீட்டர் கம்பி, குளிர்காலத்திற்கும் கோடைக்கும் 50 டிகிரி வேறுபாடுள்ள நகரத்தில் 85 சென்டிமீட்டர் வரை நீண்டு சுருங்கும். முனைகள் கட்டப்பட்டிருப்பதால் இது கோடையில் தொய்வாகவும் குளிரில் இறுக்கமாகவும் வெளிப்படும். உறைபனி பெய்யும் இரவில் கம்பியின் மேல் பனிக்கட்டி ஒட்டிக்கொண்டால் மின்தொடர்பே அற்றுப்போகும். அதைச் சுரண்டவென்றே வண்டிகளை இரவு முழுதும் காலியாக ஓட்டும் வழக்கம் குளிர்நாட்டு நகரங்களில் இருந்தது.

மண்ணுக்கடியில் ஒரு வழி

தலைக்கு மேல் கம்பி வேண்டாம் என்று சொன்ன நகரங்களும் இருந்தன. நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவில் தந்தி, தொலைபேசி, விளக்குக் கம்பிகள் ஏற்கெனவே வானத்தை மறைத்திருந்தன. 1888 மார்ச்சில் வீசிய பெரும் பனிப்புயலில் கம்பங்கள் சாய்ந்தன. 1889-இல் ஜான் ஃபீக்ஸ் என்ற கம்பிப் பணியாளர் பட்டப்பகலில், கூட்டம் பார்த்திருக்க, கம்பிகளுக்கிடையே மின்சாரம் பாய்ந்து இறந்தார். மக்கள் கொதித்தெழுந்தனர். மன்ஹாட்டனில் டிராமுக்கு மேல்கம்பி அனுமதிக்கப்படவில்லை. அழகுக்காக வாஷிங்டன் நகரின் மையப்பகுதியிலும் அது தடை செய்யப்பட்டது. இலண்டன் மாநகரக் கவுன்சிலும் 1903-இல் தொடங்கிய தன் மின்சார டிராம்களுக்குப் பெரும்பாலும் நிலத்தடி முறையையே தேர்ந்தது.

இம்முறையில் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே தெருவில் ஒரு குறுகிய பிளவு ஓடும். அதன் கீழே வாய்க்கால் போன்ற பள்ளம். பள்ளத்தின் இருபுறமும் மின்னோட்டம் பாயும் இரும்புச் சட்டங்கள். வண்டியின் அடியிலிருந்து ஒரு தகடு பிளவு வழியே இறங்கிச் சட்டங்களை உரசிச் செல்லும். நிலத்தைக் கீறிச் செல்வது போலத் தோன்றுவதால் அதற்கு 'ஏர்' என்று பெயர். மையப்பகுதியைத் தாண்டி மேல்கம்பி உள்ள புறநகருக்குப் போகும் வண்டிகள் எல்லையில் நின்று ஏரைக் கழற்றிக் கோலை ஏற்றிக்கொள்ளும். திரும்பி வரும்போது, நீண்ட கவைக்கோலுடன் குழியருகே நிற்கும் பணியாளர் ஏரை வண்டியின் அடியில் செருகிவிடுவார். இலண்டனில் இந்தக் காட்சி 1952 வரை, வாஷிங்டனில் டிராம்கள் 1962-இல் நிற்கும் வரை தொடர்ந்தது.

செலவோ மேல்கம்பியைவிடப் பன்மடங்கு. தெரு முழுதையும் தோண்ட வேண்டும். குப்பை, சேறு, மழைநீர் எல்லாம் பிளவில் விழும். இங்கிலாந்தின் கடற்கரை ஊரான பிளாக்பூலில் 1885-இல் தொடங்கிய நிலத்தடி முறை டிராமுக்கு மணலும் கடல்நீரும் எமனாயின. 1899-இல் அது மேல்கம்பிக்கு மாறியது.

இதே கதை சென்னையிலும் நடந்தது. இந்தியாவின் முதல் மின்சார டிராம் 1895 மே 7 அன்று சென்னையில் ஓடியது. இலண்டன் தெருக்களுக்கு மின்சார டிராம் வருவதற்கு முன்பே அது வந்துவிட்டது. தொடக்கத்தில் அது நிலத்தடி வாய்க்கால் முறையில்தான் அமைக்கப்பட்டது. வடகிழக்குப் பருவமழையில் சென்னைத் தெருக்கள் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மழைக்குமுன் வாய்க்கால் முறை நிற்கவில்லை, பின்னர் மேல்கம்பி கட்டப்பட்டது. 1953 ஏப்ரலில் சேவை நிறுத்தப்படும் வரை சென்னை டிராம்கள் மேல்கம்பியைத் தொட்டே ஓடின. கொல்கத்தாவில் 1902 மார்ச்சில் எஸ்பிளனேடுக்கும் கிதிர்ப்பூருக்கும் இடையே தொடங்கிய மின்சார டிராமும் டிராலிக் கோலையும் கயிற்றையும் நெடுங்காலம் பயன்படுத்தியது.

வில்லும் வைரமும்

கோலின் அடிப்படைக் குறை, அது கம்பியை ஒரு புள்ளியில் கவ்விப் பிடிப்பதே. பிடி இருப்பதால்தான் நழுவலும் இருக்கிறது. சீமென்ஸ் நிறுவனத்தின் வால்டர் ரைஷல் 1889-ஐ ஒட்டி இதை வேறு கோணத்தில் அணுகினார். கவ்வவே வேண்டாம், அகலமான ஒரு சட்டத்தைக் கம்பியின் அடியில் உரசவிட்டால் போதும். இதுவே வில் ஏந்தி எனப்படும் கருவி. கம்பி இடப்பக்கம் ஒதுங்கினாலும் வலப்பக்கம் ஒதுங்கினாலும் சட்டத்தின் ஏதோ ஓரிடத்தில் பட்டுக்கொண்டிருக்கும். கிளைகளில் தவளை தேவையில்லை. கயிறு தேவையில்லை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியத் தீவில் உள்ள ஹோபார்ட் நகரம் 1893-இல் தொடங்கிய தன் டிராம் அமைப்பை வில் ஏந்தியுடனேயே நிறுவியது.

ஒரே இடத்தில் உரசினால் சட்டத்தில் பள்ளம் விழும். அதைத் தவிர்க்க, நேரான தெருவிலும் கம்பியை வேண்டுமென்றே இடமும் வலமுமாகச் சிறிது வளைத்து நெளிவாகக் கட்டினர். தேய்மானம் சட்டம் முழுதும் பரவியது. மின்சார இரயில் பாதையில் கம்பியைக் கூர்ந்து பார்ப்போர் இன்றும் இந்த நெளிவைக் காணலாம்.

அடுத்து வந்தது பேண்டோகிராப். கலிபோர்னியாவில் 1903 அக்டோபரில் ஓடத் தொடங்கிய கீ சிஸ்டம் இரயில்களுக்காக ஜான் கியூ. பிரவுன் என்பவர் வைர வடிவில் மடங்கி விரியும் சட்டத்தை வடிவமைத்தார். வில் ஏந்தி, திசை மாறும்போது மறுபுறம் சாய வேண்டும். பேண்டோகிராப்பிற்கு முன்பின் வேறுபாடே இல்லை, செங்குத்தாக ஏறி இறங்கும். 1955-இல் பிரான்சின் லூயி ஃபைவலி அதைப் பாதியாக்கி, ஒற்றை முழங்கை மடங்கியது போன்ற வடிவத்தைக் கொண்டுவந்தார். இன்றைய இரயில்களின் கூரையில் பரவலாகக் காணப்படுவது அதுதான்.

டொராண்டோவின் மாற்றம்

இவ்வளவு சிறந்த கருவி நூறாண்டுக்கு முன்பே இருந்தும், பல நகரங்கள் ஏன் டிராலிக் கோலை விடவில்லை என்ற கேள்வி எழலாம். விடை வண்டியில் இல்லை, கம்பியில் இருக்கிறது. கோலுக்காகக் கட்டிய கம்பி, வளைவில் தண்டவாளத்தின் வளைவையே பின்பற்றி, பல இடங்களில் பக்கவாட்டில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். தவளைகளும் கவ்விகளும் கம்பிக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். அகலமான பேண்டோகிராப் சட்டம் அவற்றில் மோதிச் சிக்கும். ஆகவே கூரைக் கருவியை மாற்றுவதென்றால் நகரத்தின் மொத்தக் கம்பியையும், டிராம் ஓட்டத்தை நிறுத்தாமலே, சந்தி சந்தியாக மாற்றிக் கட்ட வேண்டும்.

டொராண்டோ இதைச் செய்யத் துணிந்ததற்குப் புதிய வண்டிகள் காரணம். 2014 ஆகஸ்டில் அங்கு ஓடத் தொடங்கிய நீண்ட ஃபிளெக்சிட்டி டிராம்களுக்குப் பழைய வண்டிகளைவிட அதிக மின்னோட்டம் தேவைப்பட்டது. ஒரு சிறு கரிச்சறுக்கு வழியே அதைத் தொடர்ந்து எடுப்பது கடினம். ஆனால் பழைய வண்டிகளில் கோல் மட்டுமே இருந்தது. ஆகவே புதிய வண்டிகளின் கூரையில் கோல், பேண்டோகிராப் இரண்டும் பொருத்தப்பட்டன. கம்பியும் இரண்டுக்கும் இடங்கொடுக்கும் கலப்பு முறையில் பாதை பாதையாகப் புதுப்பிக்கப்பட்டது. 2017 செப்டம்பரில் ஏரிக்கரையை ஒட்டிச் செல்லும் 509-ஆம் எண் பாதையில் முதன்முதலாகப் பேண்டோகிராப் உயர்த்தப்பட்டது. கோல் மட்டுமே கொண்ட பழைய வண்டிகள் 2019 டிசம்பர் 29 அன்று கடைசியாக ஓடின. அதன்பின் கலப்புக் கம்பி தேவையற்றதாகி, பேண்டோகிராப்பிற்கு மட்டுமான கம்பியாக மாற்றும் வேலை தொடர்ந்தது. வான் டெப்போல் கோலை ஓட்டிக் காட்டிய அதே நகரம் அதிலிருந்து விடுபட ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று.

ஹாங்காங் தீவில் 1904-இல் தொடங்கிய டிராம் இன்னும் டிராலிக் கோலுடனேயே ஓடுகிறது. அங்குள்ள மாடி டிராம்கள் பாதையின் முடிவில் வளையமாகச் சுற்றித் திரும்புவதால் கோலை மறுபக்கம் மாற்ற வேண்டியதில்லை. கயிறு மட்டும் பின்புறம் தொங்கிக்கொண்டிருக்கிறது.